கட்டுக்குள் இருந்த வெள்ளைப் பஞ்சு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், நான் கீழே எழுதப்போகும் சம்பவம் நடப்பதற்கு முன்னரே, லுணுகலைக்கு மேலேயுள்ள தேயிலைத் தோட்டங்களில் என் பெயர் நன்கு நிலைபெற்றிருந்தது. யாழ்ப்பாணத்துக் கல்லூரியொன்றில் உயர்தரம் வரை விஞ்ஞானம் படித்தவன் நான். பதுளை ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, எங்கள் தொகுதியில் முதலாவதாகத் தேறி, தோட்ட வைத்திய உதவியாளனாக நியமனம் பெற்றேன். மூன்று டிவிசன்களுக்கும் சேர்த்து ஒரே மருந்தகம், ஆறு கட்டில்கள், பொறுப்பாளன் நான் ஒருவனே. தொழிலாளர்கள் என்னை ‘டொக்டர் ஐயா’ என்று அழைத்தார்கள். நான் வைத்தியன் அல்லன் என்று தொடக்கத்தில் சொல்லிப் பார்த்தேன். பிறகு சொல்வதை விட்டுவிட்டேன்.

எலும்பு முறிந்தவர்களுக்கு நான் போட்டு அனுப்பும் கட்டு பதுளையில் பேசப்பட்டது. துணிச்சுற்று ஒன்றன்மேல் ஒன்று மீன்முள்ளைப்போல ஒரே சீராக ஏறிச் செல்லும். ஓரத்தில் ஒரு நூல் பிசிறாது. “அந்தத் தோட்டத்திலிருந்து வருகிற கட்டை அவிழ்க்கவே மனம் வருவதில்லை” என்று அங்குள்ள தாதியொருவர் சொன்னதாக எனக்குத் தகவல் வந்தது. இதைப் பெருமையோடுதான் எழுதுகிறேன். என் பிழை அந்தப் பெருமைக்குள்ளேதான் இருந்தது என்பதால் அதை மறைத்துவிட்டு மீதியை உங்களுக்கு விளக்க முடியாது.

இந்தப் பணிக்குப் புதிதாக வந்திருப்பவர்களுக்கு ஏதாவது எழுதித் தரும்படி நமது சங்கத்தினர் கேட்டபோது, பஞ்சைப் பற்றி எழுதுகிறேன் என்றேன். அவர்கள் சிரித்தார்கள். காலராவையும் பிரசவத்தையும் எதிர்பார்த்திருப்பார்கள். ஆனால் முப்பது வருடத்தில் நான் மற்ற எதையும்விட அதிகமாகக் கையாண்டது உள்ளே வைத்து மறைக்கப்படும் பொருள்களைத்தான். பலகைக்கும் எலும்புக்கும் இடையில் வைக்கும் பஞ்சு, படுக்கையில் கிடக்கும் முதியவரின் குதிக்காலுக்குக் கீழே வைக்கும் துணி வளையம், ஆழமான புண்ணுக்குள் திணிக்கும் வலைத்துணி, பதுளையிலிருந்து மருந்துப் போத்தல் உடையாமல் வருவதற்காகப் பெட்டிக்குள் அடைத்த வைக்கோல். கட்டை எல்லோரும் பார்ப்பார்கள். உள்ளே இருப்பதை நோயாளி மட்டுமே அறிவார், அதுவும் அது சரியில்லாதபோது.

எனக்கு இதைக் கற்பித்தவர் பதுளை ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு விடுதியில் இருந்த மூத்த ஆண் தாதியொருவர். அவரது பெயரை எழுதுவதை அவர் விரும்பியிருக்க மாட்டார். பயிற்சியாளர் ஒவ்வொருவரும் முதல் நாள் தன் இடது கைக்குத் தானே பலகை வைத்து, நண்பனின் உதவியோடு கட்டிக்கொள்ள வேண்டும். “காலமை நீர் கட்டினதை மத்தியானச் சாப்பாடு வரைக்கும் நீரே போட்டுக்கொண்டு திரியும். அப்ப விளங்கும்” என்பார். பதினொரு மணிக்குள் மற்றவர்கள் மணிக்கட்டு எலும்பு எரிகிறது, விரல் விறைக்கிறது என்று ஒவ்வொருவராகக் கட்டை அவிழ்த்துவிட்டார்கள். நான் மட்டும் சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அவிழ்க்கவில்லை. பாராட்டுவார் என்று கையை அவர் முன் நீட்டினேன்.

அவர் கட்டைப் புரட்டிப் பார்த்தார். “வடிவாத்தான் இருக்குது. ஆனா உம்மட கை உடையேல்லையே, தம்பி. உடைஞ்ச கை வீங்கும். அந்த வீக்கத்துக்கு இதுக்குள்ள எங்க இடம் விட்டிருக்கிறீர்?”

அதன்பின் அவர் சொன்ன இரண்டு விடயங்களை என் குறிப்பேட்டில் எழுதி வைத்தேன். பஞ்சு என்பது இனி வரப்போகும் வீக்கத்துக்காக முன்கூட்டியே விடும் இடம் என்பது ஒன்று. “கட்டினாப் பிறகு நோ கூடினால் பயப்படும். நோ திடீரெண்டு நிண்டு போனால் இன்னும் பயப்படும்” என்று வலியைப் பற்றி அவர் சொன்னது மற்றது. இரண்டையும் நான் மனப்பாடமாக ஒப்பிக்கக்கூடியவனாக இருந்தேன். தேர்வில் இரண்டும் வந்தன. முழுப் புள்ளியும் பெற்றேன்.

பஞ்சில் இரண்டு வகை உண்டு என்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளைப் பஞ்சு நீரை உறிஞ்சும். இரத்தத்துக்கும் சீழுக்கும் அது வேண்டும். பழுப்புப் பஞ்சு நீரை உறிஞ்சாது. எலும்பு முறிவுக்கு உள்ளே வைக்க வேண்டியது அதுதான், ஏனெனில் நனைந்தாலும் அமுங்கிக் கட்டியாகாது. பழுப்புப் பஞ்சின் ஒரே குறை அதன் தோற்றம். அழுக்கேறிய தலையணையைப் பிய்த்து வைத்ததுபோல இருக்கும். என்ன செய்தாலும் ஓரத்தில் பிசிறி வெளியே தெரியும்.

சம்பவத்துக்கு ஒரு மாதம் முன்பு, முன்கை முறிந்த தொழிலாளி ஒருவரைப் பழுப்புப் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்பியிருந்தேன். அன்று துணிச்சுருள் போதாமல் போனதால் மேலே சுத்தமான சாக்குத்துண்டு ஒன்றால் சுற்றியிருந்தேன். பதுளையில் அவரை ஏற்றவர் புதிதாக வந்த இளம் வைத்தியர். என் கல்லூரியிலேயே எனக்குப் பத்து வருடங்களுக்குப் பின் படித்தவர். அவர் அந்தக் கையைத் தூக்கிப் பிடித்து, தாதிமாரும் நோயாளரும் கேட்கும்படி, “இதென்ன, கிழங்கு மூட்டையா? வெலிமடைச் சந்தைக்குப் போக வேண்டியதை மாறி இங்க அனுப்பிப்போட்டினமோ?” என்று கேட்டாராம். விடுதியே சிரித்ததாம். கூடப்போன எங்கள் சிற்றூழியர் திரும்பி வந்து இதை எனக்குச் சொன்னபோது அவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றிலிருந்து புதிதாக வந்த பழுப்புப் பஞ்சுச் சுருளைப் பிரிக்காமலே அலமாரியின் இரண்டாவது தட்டில், பின்பக்கமாகத் தள்ளி வைத்தேன்.

ஐப்பசி மழை ஒரு வாரமாக விடாமல் பெய்துகொண்டிருந்த காலம் அது. பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் காலைப் பெரட்டு முடிந்து பெண்கள் கொழுந்து மலைக்கு ஏறி ஒன்றரை மணி நேரம் ஆகியிருக்காது. நான்கு பேர் அழகம்மாவைச் சாக்கில் கிடத்தித் தூக்கி வந்தார்கள். செங்குத்தான மலையில் வடிகான் ஒன்றைத் தாண்டும்போது சறுக்கி விழுந்திருந்தாள். வலது முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்புகளும் முறிந்திருந்தன. தோல் கிழியவில்லை. பாதம் பக்கவாட்டில் திரும்பிக் கிடந்தது.

அழகம்மாவுக்கு இருபத்தாறு வயது இருக்கும். இரண்டு குழந்தைகள், இருவரும் பிள்ளைமடுவத்தில், அதாவது தாய்மார் மலைக்குப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் தோட்டத்துப் பராமரிப்பு இடத்தில் இருந்தார்கள். கணவன் சன்னாசி தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுபவன். அவர்கள் குடியிருந்த லயத்து வரிசையின் கடைசிக் காம்பிராவில் ஒரு காலை இழந்த மனிதர் ஒருவர் இருந்தார். பதுளைக்குப் போய்க் காலை எடுத்துவிட்டு வந்தவர். அதன்பின் அவரது பெயரைப் பெரட்டில் யாரும் கூப்பிட்டதில்லை. அழகம்மா ஒவ்வொரு நாளும் அவரது வாசலைத் தாண்டித்தான் மலைக்குப் போவாள். மேசையில் கிடத்தியதும் அவள் கேட்ட முதல் கேள்வி அதைப் பற்றியதுதான்.

“டொக்டர் ஐயா, கால எடுத்துர மாட்டாங்களே?”

“என்ன பிள்ளை பேசுறாய்? முறிஞ்ச எலும்பு பொருந்தும்.”

“சத்தியமாச் சொல்லுங்க. ரெண்டு கால வச்சுக்கிட்டே அந்த மலையில நிக்க முடியல.”

சத்தியம் செய்யவில்லை. ஆனால் காலை எடுக்க வேண்டி வராது என்று வாக்குக் கொடுத்தேன்.

பாதத்தை நேராக்கி, பலகைகளை அளந்து, வெள்ளைப் பஞ்சைப் பிரித்து வைத்தேன். பழுப்புச் சுருள் என் தோளுயரத்தில் இருந்தது. கையை நீட்டினால் எட்டும். பஞ்சைப் பரப்பும்போதும் துணியைச் சுற்றும்போதும் என் கண்முன் நின்றது அழகம்மாவின் கால் அல்ல. பதுளையில் அந்த இளம் வைத்தியர் இந்தக் கட்டைப் பார்த்து என்ன சொல்வார் என்பதே என் நினைப்பாக இருந்தது. பிசிறு தெரியக்கூடாது என்பதற்காகப் பஞ்சை மெல்லியதாகவே வைத்தேன். முடித்தபோது அது நான் அதுவரை போட்ட கட்டுகளில் மிக அழகானதாக இருந்தது.

தோட்டத்து லொறி வந்தது. சன்னாசியோடு வேறு மூன்று ஆண்கள் ஏறினார்கள். நானும் போனேன், அது என் கடமைக்குள் அடங்காது, ஆனால் நானே நேரில் ஒப்படைக்க விரும்பினேன். புறப்படும் நேரத்தில் பிள்ளைமடு ஆயா தெய்வானை, ஒரு தலையணையை நெஞ்சோடு அணைத்தபடி மழைக்குள் ஓடிவந்து ஏறிக்கொண்டாள். அவள் அழகம்மாவின் அண்ணன் மனைவி. ஆயா வேலைக்கு வருவதற்கு முன் இருபது வருடம் கொழுந்து பறித்தவள். பிள்ளைமடுவத்துத் தலையணைகளை அவளே தைத்திருந்தாள். மொனராகலையில் வாழ்க்கைப்பட்ட தங்கை வீட்டு இலவ மரத்துப் பஞ்சை மூட்டையாகக் கொண்டுவந்து அடைத்தவை அவை.

“இது எதுக்கு?” என்று கேட்டேன்.

“காலுக்கு அடியில வைக்கத்தாங்க. லொறி என்ன மெத்தையா?”

நான் மறுக்கவில்லை. கட்டிய கால் தலையணைமேல் உயர்ந்து கிடந்தது பார்வைக்கும் நன்றாகவே இருந்தது.

பசறை ஊடாகப் பதுளைக்குப் போகும் வழியில் பாதையின் பாதி சரிந்திருந்தது. லொறியால் தாண்ட முடியாது. சாரதி இறங்கிப் பார்த்துவிட்டு வந்து, கீழே ஓடிய ஆற்றைக் காட்டி, சிங்களம் கலந்த தமிழில், “மாத்தையா, நான் போனா நான் மட்டும் இல்லே, எல்லாரும் கீழே கங்கைக்குப் போறது” என்றார். மறுபக்கம் இருந்த கடைக்காரர் பசறையிலிருந்து வேன் ஒன்றைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அழகம்மாவைத் தூக்குப் படுக்கையில் வைத்து, முழங்கால் அளவு சேற்றில் நால்வரும் தூக்கிக் கடந்தார்கள். தார்ப்பாயால் அவளது உடம்பை மூடினோம். அவள் உயரமானவள், படுக்கை குட்டையானது. மற்றக் காலை அவள் சற்று நேரத்தில் மடக்கித் தார்ப்பாய்க்குள் இழுத்துக்கொண்டாள்; கட்டிய கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே முழுதும் வெளியில் இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேலாக அந்தக் கால்மேல் மழை பெய்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டுதான் நடந்தேன்.

மறுபக்கத்திலிருந்த பேருந்துத் தரிப்பிடத்தில் அவளை இறக்கி வைத்து, வேனுக்காகக் காத்திருந்தோம். அங்கேதான் அவள் முனக ஆரம்பித்தாள்.

“டொக்டர் ஐயா, கட்டு கடிக்குதுங்க.”

“முறிஞ்ச கால் நோகத்தானே செய்யும். கொஞ்சம் பொறு.”

“முறிஞ்ச எடத்துல இல்லங்க. எல்லா எடத்துலயும் கடிக்குது. புடிச்சு நசுக்குற மாதிரி.”

நான் நேரத்தைப் பார்த்தேன். வேன் கால் மணி நேரத்தில் வரும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். அந்தக் கால் மணி நேரம் ஏற்கெனவே இரண்டு முறை கழிந்திருந்தது. அவள் முனகல் கூடியது, அலறலாயிற்று. சன்னாசி என் முகத்தைப் பார்த்தான். நான் மழையைப் பார்த்தேன்.

பிறகு அலறல் நின்றது.

“இப்ப வலி கொறைஞ்சிருச்சுங்க,” என்றாள் அழகம்மா சோர்ந்த குரலில். “காலு மரத்த மாதிரி இருக்கு.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த வரியை நீங்கள் திரும்பவும் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முழுப் புள்ளி பெற்ற எனக்கு, அந்தக் கணத்தில், நிம்மதியாகத்தான் இருந்தது.

தெய்வானை குனிந்து அழகம்மாவின் கால்விரல்களைத் தன் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினாள். பிறகு மற்றக் காலின் விரல்களையும் தொட்டுப் பார்த்தாள். “டொக்டர் ஐயா, வெரலு பச்சத் தண்ணியா இருக்கு. மத்தக் காலு சூடா இருக்கு. கட்டப் பிரிங்க.”

“மழையில நனைஞ்சதால குளிருது.”

“மத்தக் காலுஞ் செத்த நேரம் நனைஞ்சுதுங்க.”

பெருவிரல் நகத்தை அழுத்தினேன். வெளுத்தது. விட்டேன். வெளுத்தே இருந்தது. ஐந்துவரை எண்ணினேன், இரத்தம் திரும்பவில்லை. அதற்கு என்ன பொருள் என்பதை அங்கு நின்ற எவரையும்விட நான் நன்றாக அறிவேன். ஆனால் கட்டைத் திறக்கக் கூடாது என்பதற்கும் என்னிடம் நல்ல காரணம் ஒன்று இருந்தது. திறந்தால் எலும்பு நகரும். நகர்ந்தால் தோலைக் குத்தி வெளியே வரும். வந்தால் அந்தச் சேற்றில் காலுக்கு வேறு கதி நேரும். இது பொய்க் காரணம் அல்ல. பாடநூலில் உள்ளது. அவசரத்தில் மனிதன் பிடித்துக்கொள்ளும் காரணங்கள் பெரும்பாலும் பாடநூலில் உள்ளவையாகவே இருக்கும்.

“திறக்க ஏலாது. எலும்பு விலகிப்போயிடும். பதுளையில போய்த் திறப்பம்.”

“ஐயா, நான் இருபது வருசம் கூடை தூக்குனவ. கூடைக் கயிறு மண்டையில வெட்டாம இருக்கத் துணிய மடிச்சு வைப்போம். அந்தத் துணி காஞ்சிருக்குற வரைக்குந்தான் மெத்தை. நனைஞ்சு ஊறிருச்சுன்னா அதுவும் கயிறுதான். சாயங்காலம் மண்டைய வெட்டி எடுத்துரும். ஒங்க பஞ்சும் இப்பக் கயிறாப் போயிருக்கும்.”

“பஞ்சைப் பற்றி எனக்கு நீ சொல்லித்தர வேண்டாம்.”

“சரிங்க, சொல்லல. தொட்டுப் பாருங்க.”

தொட்டேன். கட்டு மரம்போல இறுகியிருந்தது. நனைந்த துணிச்சுற்று சுருங்கியிருந்தது. உள்ளே கால் வீங்கியிருந்தது. இரண்டுக்கும் நடுவில் இடம் என்று ஒன்று இல்லை. கை அங்கேயே நின்றுவிட்டது. என் பையில் கத்தரிக்கோல் இருந்தது. நான் அதை எடுக்கவில்லை. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்பது எனக்குத் தெரியாது. சன்னாசி மிக மெதுவாக, “ஐயா, ஏதாச்சும் செய்ங்க” என்றான்.

தெய்வானை என் பையைத் திறந்து கத்தரிக்கோலை எடுத்தாள்.

“கையை எடு!” என்று கத்தினேன்.

“அப்புறமா என்னைய வேலைய விட்டு நிப்பாட்டிக்கங்க. இப்பக் காலப் புடிங்க.” அவள் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “நீங்க இழுத்துப் புடிச்சாத்தான் எலும்பு நகராது. புடிங்க ஐயா!”

நான் மண்டியிட்டு, குதிக்காலையும் பாதத்தையும் இரு கைகளாலும் பற்றி, நேராக இழுத்துப் பிடித்தேன். அவள் முழங்காலிலிருந்து கணுக்கால்வரை ஒரே நீளமாக வெட்டினாள். துணி பிரிந்ததும் கால் வெளியே பொங்கியது. பஞ்சு பஞ்சாக இல்லை; நனைந்து அமுங்கி, விரல் தடிமனான வரிகளாகத் தோலில் பதிந்திருந்தது. அவள் அதை ஒவ்வொரு வரியாக உரித்தெடுத்து வெளியே எறிந்தாள்.

எங்கள் இருவரின் கண்களும் அந்தப் பெருவிரல் நகத்திலேயே இருந்தன. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அழகம்மா வீறிட்டாள்.

“ஐயோ, கொல்றாங்களே! அண்ணி, எரியுது!”

“எரியட்டும்டீ. நல்லாக் கத்து,” என்றாள் தெய்வானை. “கத்துனாத்தான் காலு இருக்குன்னு அர்த்தம்.”

நகம் சிவந்தது.

தெய்வானை தலையணையின் ஓரத்துத் தையலைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். நான் காலை விடாமல் பிடித்திருக்க, கணுக்காலின் இருபுறக் குழிகளிலும் குதிக்காலுக்குப் பின்னாலும் இலவம் பஞ்சைப் பிடி பிடியாக அடைத்து, மீதித் தலையணையைக் காலைச் சுற்றிப் போர்த்தி, பலகைகளை வெளியே வைத்து, தன் சேலைத் தலைப்பைக் கிழித்து மூன்றிடங்களில் தளர்வாகக் கட்டினாள். இலவம் பஞ்சில் நீர் நிற்காது. அது ஆற்றில் போட்டாலும் மிதக்கும். இதையும் நான் அறிந்திருந்தேன். அது என் தலைக்குள் இருந்தது, என் கைக்கு வரவில்லை. அந்தக் கட்டைப் பார்க்கச் சகிக்கவில்லை. இலவம் பஞ்சு எல்லா ஓரத்திலும் பிதுங்கியது. எங்கள் தலையிலும் சன்னாசியின் மீசையிலும் ஒட்டியது. கிழங்கு மூட்டை என்றாலும் இதைவிட ஒழுங்காக இருக்கும்.

வேன் வந்தது. பதுளைக்குப் போய்ச் சேரும்வரை நான் அந்த நகத்தை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

ஏற்பு விடுதியில் அன்றும் அதே இளம் வைத்தியர்தான் இருந்தார். தலையணையைப் பார்த்தார். பிரித்தார். தோலில் பதிந்திருந்த ஆழமான வரிகளை விரலால் தடவிப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

“இந்த இறுக்கம் வேற கட்டால வந்தது. ஆர் அதை வெட்டித் திறந்தது?”

கோபமாகக் கேட்கிறார் என்றே எண்ணினேன். தெய்வானை எனக்கு இரண்டு அடி பின்னால், கிழிந்த சேலையோடு, கையில் வெறும் தலையணை உறையோடு நின்றாள். பிள்ளைமடு ஆயா ஒருத்தி எலும்பு முறிவுக் கட்டை வெட்டினாள் என்றால் தோட்டத்தில் அவளது வேலை நிற்கும். அவள் காட்டிய துணிவுக்கு அவள் விலை கொடுக்கக் கூடாது என்று நினைத்தேன். அல்லது அப்படி நினைத்ததாகப் பல வருடங்கள் எனக்கு நானே சொல்லிவந்தேன்.

“நான்,” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். “இன்னும் அரை மணித்தியாலம் போயிருந்தால் இந்தக் கால் இல்லை, அண்ணை. பெரிய டொக்டர்மாரே தங்கட கட்டைத் தாங்களே வெட்ட யோசிப்பினம்.” பின்னர் தாதிமாரை அழைத்து, என்னைக் காட்டி, அதையே மீண்டும் சொன்னார்.

அந்த இடத்தில், அந்த நிமிடத்தில், “இவர்தான்” என்று பின்னால் கையைக் காட்டியிருக்கலாம். பழி வரும் என்று எண்ணி நான் வாங்கிக்கொண்டது புகழாக மாறியதும் அதைத் திருப்பிக் கொடுக்க ஒரு சொல் போதும். நான் சொல்லவில்லை. தெய்வானையும் சொல்லவில்லை. அவள் தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து உறைக்குள் போட்டுக்கொண்டிருந்தாள்.

அழகம்மாவின் கால் பொருந்தியது. சற்று வளைவு உண்டு. அடுத்த வருடம் மலையேறினாள். அவளது பெயர் பெரட்டில் கூப்பிடப்பட்டது.

சில வாரங்களுக்குப் பின் பிள்ளைமடுவத்தைப் பார்வையிட நலன்புரி உத்தியோகத்தர் வந்தார். நானும் கூட நடந்தேன். ஒரு தலையணை குறைகிறதே என்று அவர் தெய்வானையைக் கேட்டார்.

“எலி கடிச்சிருச்சுங்க.”

“முழுத் தலையணையையுமா?”

“பெரிய எலிங்க.” அவள் கண்கள் ஒரு கணம் என் வெள்ளைக் கோட்டில் நின்றன. “நல்ல வெள்ளை எலி.”

உத்தியோகத்தர் சிரித்துவிட்டு எலிப்பாஷாணம் வைக்கச் சொன்னார். நான் ஆவன செய்வதாகச் சொன்னேன்.

கதை பரவியது. இரண்டாயிரமாம் ஆண்டுக்குப் பின் பயிற்சி வகுப்புகளில் அதை எடுத்துக்காட்டாகச் சொன்னார்கள். ஒருமுறை நான் அமர்ந்திருக்கும்போதே சொன்னார்கள். நான் தலை குனிந்தேன். அதைப் பணிவு என்று எடுத்துக்கொண்டார்கள். என் பிரியாவிடைக் கூட்டத்தில் மூன்று பேர் அதைப் பற்றியே பேசினார்கள். இறுதியில் தெய்வானை மாலையோடு மேடைக்கு வந்தாள். அப்போது அவளும் ஓய்வுபெற்று மொனராகலைக்குப் போயிருந்தாள். இதற்காகவே பஸ் ஏறி வந்திருந்தாள். மாலையைப் போட்டுவிட்டு, எனக்கு மட்டும் கேட்கும்படி, “ஒங்களப் பத்தி நல்லாப் பேசுனாங்கய்யா. நானே நம்பிட்டேன்” என்றாள். அதில் கோபம் இருந்ததா என்று இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

அவளது வேலையைக் காப்பதற்காக நான் பொய் சொன்னேன் என்று எழுதி முடித்தால் உங்கள் மதிப்பில் நான் இறங்காமல் இருக்கலாம். அன்று அவளது வேலையை நான் நினைத்தது உண்மை. ஆனால் என் கட்டைப் பிள்ளைமடு ஆயா ஒருத்தி வெட்டினாள், நான் அவள் சொன்னபடி காலைப் பிடித்தேன் என்பதை, என் கல்லூரியில் படித்த ஒருவர் முன்னால் சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம்தான் பழுப்புப் பஞ்சையும் பின்னால் தள்ளி வைத்தது. நீங்கள் கட்டும் ஒவ்வொரு கட்டையும் யாரோ ஒருவர் பார்க்கப்போகிறார். அவரை நினைத்துக்கொண்டு பஞ்சை வைக்காதீர்கள்.

இனித் திருத்தம். அந்தக் கட்டை நான் வெட்டித் திறந்ததாகப் பயிற்சி வகுப்புகளிலும் என் பிரியாவிடை மலரிலும் சொல்லப்பட்டிருப்பது பிழை. வெட்டியவர் தெய்வானை. அன்று மருந்தகத்தில் உரிய பஞ்சு இல்லாததால் கையில் கிடைத்ததை வைத்துக் கட்டினேன் என்று அதே மலரில் எழுதப்பட்டிருப்பதும் பிழை. உரிய பஞ்சு இருந்தது. இரண்டாவது தட்டில், பிரிக்கப்படாத முழுச் சுருளாக இருந்தது.